விதிகள் பிள்ளைக்கு மட்டுந்தானா?

2023 டிசம்பர் 5ஆம் திகதி, சாய்ந்தமருதில் ஒரு மத்ரஸாவின் கழிவறையில் காத்தான்குடிச் சிறுவன் ஒருவன் சடலமாகக் கிடந்தான். வயது பதின்மூன்று. மத்ரஸாவை நடத்திய மௌலவி கைதானார். சிசிடிவி பதிவுகள் என்னாயின என்ற கேள்வி விசாரணையின் நடுவில் வந்து நின்றது. யார் குற்றவாளி என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. அதில் நாம் மூக்கை நுழைக்கப் போவதில்லை. ஆனால் பிள்ளை தங்கிப் படிக்கும் இடத்தில் கமெரா பூட்டினால் அதன் பதிவு யார் கையில் இருக்க வேண்டும் என்று அதற்கு முன் எவரும் எழுதி வைத்திருக்கவில்லையே, அது நம் எல்லோருக்கும் உரிய கேள்வி.

ஒரு வருடம் நிறையவில்லை. 2024 நவம்பர் 26. நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம், மாவடிப்பள்ளியில் வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. ஆறு மாணவர்கள் உட்பட எட்டு ஜனாஸாக்கள். கடும் மழை வரும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. மத்ரஸா அதிபர் உள்ளிட்டோர் கைதானார்கள். கைது நடந்ததும் ஊர் அமைதியாகி விட்டது.

இரண்டு சம்பவங்களும் தன்மையில் வேறு. ஒன்று மூடிய சுவருக்குள் நடந்தது, மற்றது திறந்த வெளியில், ஆயிரம் கண்கள் பார்த்திருக்க நடந்தது. இரண்டிலும் பிள்ளை வீட்டில் இல்லை. அமானிதமாக ஒப்படைத்த இடத்தின் பொறுப்பில் இருந்தான். அந்தப் பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதிய தாள் ஒன்றுகூட இல்லை.

பிள்ளையின் பொறுப்புகளை எழுதிய தாளோ தாராளமாக இருக்கிறது. இந்தக் கிழக்குக் கரையோரத்தில் எந்த விடுதி மத்ரஸாவின் அனுமதிப் படிவத்தையும் எடுத்துப் பாருங்கள். தலைமுடி எவ்வளவு இருக்க வேண்டும், ஜுப்பா என்ன நிறம், கைத்தொலைபேசி கூடாது, மாதத்தில் எத்தனை நாள் விடுமுறை, பிந்தி வந்தால் என்ன, சொல்லாமல் வெளியே போனால் என்ன, எல்லாம் இலக்கமிட்டு அச்சடித்திருக்கும். கடைசியில் ‘நிர்வாகத்தின் தீர்மானமே இறுதியானது’ என்று ஒரு வரி. அதன் கீழே வாப்பா கையெழுத்து வைக்கிறார். நிர்வாகம் கையெழுத்து வைக்கும் இடம் எங்கே? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எத்தனை மணிக்குள் வீட்டுக்குச் சொல்வார்கள்? இரவில் விடுதியில் யார் தங்குகிறார், அவர் எப்படிப்பட்டவர் என்று யார் விசாரித்தது? திடீரென்று விடுமுறை விட்டால் பிள்ளையை யார் கையில் கொடுத்து அனுப்புவது? இவற்றுக்கு அந்தத் தாளில் ஒரு வரியும் கிடையாது.

இதில் தொலைபேசிச் சங்கதி ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிள்ளை கையில் போன் வேண்டாம் என்பதை நாமும் ஏற்கிறோம். ஆனால் பல விடுதிகளில் பிள்ளை வீட்டுக்குப் பேசுவது வாரத்தில் ஒருநாள், உஸ்தாதின் போனில், உஸ்தாத் பக்கத்தில் இருக்கும்போது. ‘எப்பிடி மகன் இருக்கீங்க?’ ‘நல்லா இருக்கன் உம்மா.’ வேறு என்ன சொல்வான்? அடித்தவரின் போனிலேயே அடியைப் பற்றி முறையிடப் பெரியவர்களுக்கே தைரியம் வராது. ‘பிள்ளை ஒன்றுமே சொல்லவில்லையே’ என்று பிறகு அழும் தாய்மார், அவன் சொல்வதற்கு வழி இருந்ததா என்பதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

அடியைப் பற்றியும் மறைக்காமல் பேசுவோம். ‘எலும்பு எங்களுக்கு, இறைச்சி உங்களுக்கு’ என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்த தலைமுறை நம்முடையது. அதைப் பெருமையாகச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. நாட்டின் சட்டம் அந்த இடத்தில் நிற்கவில்லை. பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2016இல் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையை விடுத்தது. மாணவன் ஒருவனின் செவி பாதிக்கப்படும்படி ஆசிரியர் அறைந்த வழக்கில், 2021இல் உயர் நீதிமன்றம் அது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. ஆசிரியர் தம் கையிலிருந்து ஒன்றரை இலட்சம் ரூபாய், அரசு ஐந்து இலட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. காலையில் பாடசாலையில் அடிக்கக் கூடாத பிள்ளையை மாலையில் மத்ரஸாவில் அடிக்கலாம் என்று எந்த ஷரீஅத் சொல்கிறது?

மரணம் வந்த பிறகுதான் சட்டம் வரும் என்பது நம் வட்டாரத்தின் பழைய வழக்கம். 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு பகிடிவதையில் கொல்லப்பட்டார்; மறுவருடமே தமிழ்நாட்டில் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்தில் வரப்பிரகாஷ் பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அதே வருடம் அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்திலும் ஒரு மாணவர் அதேபோல் போனார். 1998இல் இலங்கையிலும் பகிடிவதைக்கு எதிரான 20ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. சாதாரணப் பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை, பாலியல் தொல்லையோ கடுங்காயமோ என்றால் பத்து வருடம் வரை. சட்டம் பலமானதுதான். ஆனாலும் 2020இல் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் படிக்கட்டில் உருட்டிவிட்ட டயர் ஒரு புதுமுக மாணவரின் தலையைப் பதம் பார்த்தது. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு இந்தப் பயத்தை நாம் விளக்கத் தேவையில்லை. வாய் திறந்து முறையிட முடியாத பிள்ளையைச் சட்டப் புத்தகம் தானாக எழுந்து வந்து காப்பாற்றாது.

மத்ரஸா விடுதிகளின் நிலை அதற்கும் ஒரு படி கீழே. பௌத்தப் பிரிவெனாக்களுக்கு 1979ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இருக்கிறது. மத்ரஸாக்கள் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தின் பதிவை நம்பி ஓடுகின்றன. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு மத்ரஸாக்களை ஒழுங்குபடுத்தும் பேச்சு கொழும்பில் பலமாக அடிபட்டது. அன்று கேட்டதெல்லாம் ‘என்ன படிப்பிக்கிறீர்கள், யார் படிப்பிக்கிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது’ என்பவை. அந்தப் பிள்ளைகள் இரவில் எங்கே தூங்குகிறார்கள் என்று கேட்டவர் அரிது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான பயம் இருக்கிறது. 2019க்குப் பிறகு காத்தான்குடி பட்டது கொஞ்சநஞ்சமல்ல. ஊர்ப்பெயரைச் சொன்னாலே ஒரு பார்வை பார்த்தார்கள். அந்தத் தாக்குதலில் இவ்வூரார் ஒருசிலர் செய்த பாவத்துக்கு ஊரே பதில் சொன்னது. ‘மத்ரஸாவை ஒழுங்குபடுத்துவோம்’ என்று யாராவது சொன்னால், கதவை இழுத்து மூடப் போகிறார்கள் என்று நம் சனம் நினைப்பதில் பிழையில்லை. அந்தப் பயத்துக்குப் பின்னால் மோசமான நிர்வாகங்களும் ஒளிந்துகொள்கின்றன என்பதுதான் நமக்குச் சுடுகிறது. குறை சொன்ன வாப்பாவைப் பார்த்து, ‘சமூகத்தைக் காட்டிக்கொடுக்கிறாயா’ என்று கேட்டால் அவர் வாய் மூடிக்கொள்வார். சமூகத்தின் மானம் பெரிதுதான். அதைவிட ஒரு பிள்ளையின் உயிர் பெரிது.

ஆகவே கொழும்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காத்தான்குடியில் பள்ளிவாயல்கள், முஸ்லிம் நிறுவனங்களின் சம்மேளனம் இருக்கிறது. ஜம்இய்யதுல் உலமாவின் கிளைகள் கரையோரம் முழுக்க இருக்கின்றன. பிறை பார்ப்பதற்கு ஒரே மேசையில் உட்கார முடிந்தவர்களுக்கு, விடுதி நடத்தும் மத்ரஸாக்களுக்குப் பொதுவான ஒரு பாதுகாப்பு ஒழுங்குவிதியை எழுதுவது மலையைப் புரட்டும் வேலையல்ல. பிரம்பு கூடாது என்பது முதல் வரியாக இருக்கட்டும். கமெராப் பதிவின் ஒரு பிரதி நிர்வாகத்துக்கு வெளியே இருக்கட்டும். இரவில் ஓர் ஆள் மட்டும் பொறுப்பாக இருக்கும் நிலை வேண்டாம். வெள்ள எச்சரிக்கை இருக்கும் நாளில் பெற்றோரோ அவர்கள் சொன்ன ஆளோ நேரில் வந்தாலொழிய எந்தப் பிள்ளையும் வாசலைத் தாண்டக் கூடாது. வாரத்தில் ஒருமுறையாவது உஸ்தாத் பக்கத்தில் இல்லாமல் பிள்ளை வீட்டாரோடு பேசட்டும். நன்றாக நடக்கும் மத்ரஸாக்களுக்கு இது பாரமாகாது. அவற்றில் பலவும் சொல்லாமலே இதையெல்லாம் செய்துகொண்டிருக்கின்றன. கையெழுத்து வைக்க மறுக்கும் இடம் எது என்பது ஊருக்குத் தெரிய வரும், அவ்வளவுதான்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது வகுப்பறையையும் பள்ளிவாசலையும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அவன் படுக்கும் அறையையும் கழிவறையையும் பாருங்கள், இரவில் யார் இருப்பார் என்று பெயர் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் உதவி இலக்கம் 1929. அதைப் பிள்ளைக்கு மனப்பாடமாக்கி விட்டு அனுப்புங்கள்.