பரண்மேல் இருக்கும் கனவுக்கன்னிகள்

தாத்தா காலமாகி, காரியமெல்லாம் முடிந்து, வீட்டை ஒழிக்கிற அன்றைக்குத்தான் அந்த டிரங்குப்பெட்டி பரணிலிருந்து கீழே இறங்கும். மேலே பத்திரம், பட்டா. நடுவில் பழைய பஞ்சாங்கம். அடியில், செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டிய ஒரு கட்டு. பிரித்தால், எல்லாம் நடிகைகள் படம்! பேரன் சிரிப்பான். மருமகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அதை எதுக்குக் கண்ணு பிரிக்கறே? பழைய பேப்பர்காரன் வந்தா எடைக்குப் போட்டுரு" என்பார் பாட்டி. அந்தக் கட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவருக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும் என்பது வேறு விஷயம்.

கோவை, பொள்ளாச்சி, ஈரோடு பக்கத்துப் பழைய வீடுகளில் இப்படி எடைக்குப் போன கட்டுகளுக்குக் கணக்கே கிடையாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் படங்களில் பல, பாட்டி வீட்டிலிருந்து பஸ் பிடித்தால் போய்ச் சேருகிற தூரத்தில் எடுக்கப்பட்டவை.

கோவைக்கு சினிமாவைக் கொண்டுவந்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். ரயில்வேயில் வேலை பார்த்தவர், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். அந்தச் சாலைக்கு இன்றும் அதே பெயர்தான். பிறகு 1930-களில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ வந்தது. அடுத்து ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா. மில் சங்கு ஊதும் ஊரில், மேக்கப் போட்ட ராஜகுமாரிகளும் நடமாடிய காலம் அது.

'ஹரிதாஸ்' இங்கேதான் எடுக்கப்பட்டது. 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்த படம். பாகவதர் பாட்டுக்காக ஓடியது என்று எல்லோரும் சொல்வார்கள். ரம்பாவாக வந்த டி.ஆர்.ராஜகுமாரிக்காகவும் ஓடியது என்பதைக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். 'கனவுக்கன்னி' என்ற பட்டம் அவருக்குத்தான் முதலில் ஒட்டியது. அவர் படத்தைப் பெட்டிக்குள் ஒளித்துவைத்த ஆண்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். அந்த அம்மையாரோ சென்னை தியாகராய நகரில் தன் பெயரிலேயே ஒரு தியேட்டர் கட்டினார். தம்பி டி.ஆர்.ராமண்ணாவோடு சேர்ந்து படக் கம்பெனியும் நடத்தினார். படத்தை ஒளித்துவைத்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சாமர்த்தியம் இருந்திருக்கும்?

இன்னொருவர் கே.தவமணி தேவி. யாழ்ப்பாணத்துப் பெண். 1940-ல் எம்.எஸ்.சுப்புலட்சுமி நடித்த 'சகுந்தலை'யில் மேனகை. அடுத்த வருஷம் 'வனமோகினி'யில் காட்டுப்பெண்ணாக, ஹாலிவுட்டின் டோரதி லாமூர் பாணியில் சாரோங் கட்டிக்கொண்டு வந்தார். ஊரே வாயைப் பிளந்தது. 1947-ல் ஜூபிடர் நிறுவனம் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்த 'ராஜகுமாரி'யிலும் நடித்தார். எம்.ஜி.ஆர் முதன்முதலாகக் கதாநாயகனாக வந்த படம் அது. நம்ம ஊர் சாண்டோ சின்னப்பா தேவர் அதில் எம்.ஜி.ஆரோடு மோதுவார்.

தவமணி தேவியின் ஸ்டில் ஒன்று கையில் கிடைத்தால் நிதானமாகப் பாருங்கள். குனிந்த தலையோ, வெட்கமோ இருக்காது. கேமராவை நேராகப் பார்க்கிற பார்வை. அந்தப் பார்வைக்காகத்தான் கூட்டம் வந்தது. வந்த கூட்டமே வெளியே போய்த் திட்டியது. பிற்காலத்தில் அவர் ராமேஸ்வரத்தில் குடும்பம் நடத்தி, கடவுள் வழிபாட்டில் காலம் கழித்து, 2001-ல் மறைந்தார். கோயிலுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் அடையாளம் கண்டிருப்பார்களோ.

சீமையிலும் இதே கதைதான். 'டெய்லி மிரர்' நாளிதழில் 1932 முதல் வந்த 'ஜேன்' என்ற படக்கதை நாயகி, யுத்த காலத்துச் சிப்பாய்களின் செல்லப்பிள்ளை. 1937-ல் தொடங்கிய 'லில்லிபுட்' என்ற குட்டிப் பத்திரிகை, நல்ல கதைகளுக்கு நடுவே கவர்ச்சிப் படங்களையும் வைத்தது. 'பிக்சர்கோயர்' என்ற சினிமா இதழ் நட்சத்திரங்களின் படங்களை தபால் அட்டைகளாகவே விற்றது. 1957-ல் ஹாரிசன் மார்க்ஸ் என்ற போட்டோகிராபர் 'கமெரா' என்று, வீட்டுக்குள் கொண்டுவரத் தயங்கும் ரகத்தில் ஒன்று தொடங்கினார். அன்று கோட்டுக்குள் மறைத்து வாங்கிப் போனவற்றை, இன்று அங்கே வரிசை எண் பார்த்துச் சேகரிக்கிறார்கள். ஒளிப்பட வரலாறு எழுதுகிறவர்களுக்கும் அவை பயன்படுகின்றன. நம் பக்கம் இன்னும் பழைய பேப்பர்காரரைத்தான் கூப்பிடுகிறோம்.

இங்கே கூச்சத்துக்கு ஒரு காரணம் உண்டு. நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தைக் கிசுகிசுவாக எழுதிய 'சினிமா தூது', 'இந்துநேசன்' பத்திரிகைகளை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் கொல்லப்பட்டார். பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் சிறைக்குப் போனார்கள். கோவை ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதாகி, பிறகு விடுவிக்கப்பட்டார். 1947-ல் மற்ற இருவரும் விடுதலை ஆனார்கள். ஆனால் 'சினிமாப் பத்திரிகை என்றால் மஞ்சள்' என்ற எண்ணம் வீடுகளில் தங்கிவிட்டது. 'பேசும் படம்', 'குண்டூசி' போன்ற கண்ணியமான இதழ்களும் அதே பரணுக்குத்தான் போயின.

அப்படிப் போனதன் விலை பெரியது. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) இன்று இல்லை. அதன் நாயகி டி.பி.ராஜலட்சுமி தானே இயக்கிய 'மிஸ் கமலா' (1936) இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சுலபமாகத் தீப்பிடிக்கும். தப்பித்த சுருள்களையும் வெள்ளிக்காக உருக்கிவிட்டார்கள். படம் போன பிறகு மிச்சம் இருப்பது பாட்டுப் புத்தகம், ஸ்டில், பத்திரிகை அட்டை. அந்த நடிகைகள் எப்படி நின்றார்கள், என்ன உடுத்தினார்கள் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

இதைப் புரிந்துகொண்டவர்கள் சிலர் இருந்தார்கள். பிலிம் நியூஸ் ஆனந்தன் கேமராவோடு ஸ்டூடியோ ஸ்டூடியோவாக அலைந்து சேர்த்த ஸ்டில்களையும் தகவல்களையும் பின்னாளில் தமிழக அரசே வாங்கிக்கொண்டது. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை எதையும் விடாமல் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்ததும், சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டது. அதுதான் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

சரி, உங்கள் வீட்டுப் பரணில் ஒரு கட்டு கிடைத்துவிட்டது. என்ன செய்யலாம்? முதலில் ஒரு லென்ஸ் எடுங்கள். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சடித்தது. தெரியாவிட்டால் நிஜ போட்டோவாக இருக்கலாம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்கும்போது கறுப்புப் பகுதிகளில் வெள்ளி மினுமினுப்பு தெரிந்தால் பழைய பிரின்ட் என்று நம்பலாம். பின்பக்க ரப்பர் ஸ்டாம்ப், முன்பக்கத்தைவிட மதிப்புள்ளது. ஸ்டூடியோ பெயர் அதில்தான் இருக்கும். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள், பசை சில வருஷங்களில் பழுப்பேறிவிடும். லேமினேஷன் அதைவிட மோசம். துருப்பிடித்த பின்னை மெதுவாக எடுத்துவிட்டு, ஈரம் படாத அட்டைப் பெட்டியில் படுக்கவையுங்கள். உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் விலை கேட்பதெல்லாம் அதற்கப்புறம்.

இன்னொரு வேலை அவசரம். கதாநாயகிகளைக் கண்டுபிடித்துவிடலாம். குழு நடனத்தில் மூன்றாவதாக நிற்கிற பெண்ணின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. சிங்காநல்லூர் செட்டில் வியர்க்க வியர்க்க ஆடி, கூலி வாங்கிப் போன அந்தப் பெண்களில் சிலரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இன்னும் ஒருசிலர் உயிரோடு இருக்கலாம். எடைக்குப் போடச் சொன்ன பாட்டியே அதில் ஒருவராக இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து, "இது யாரு ஆத்தா?" என்று கேளுங்கள். சொல்கிற பெயரைப் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் இறங்கிவிடும்.