கலாசாலையில் துவேஷம்

அமெரிக்க சர்வகலாசாலைகளில் யூத மாணாக்கர்மீது துவேஷம் பரவிவிட்டதா என்னும் கேள்வி சில வருஷங்களாகப் பெரும் விவாதமாக இருந்து வருகிறது. 2023 டிசம்பர் 5-ந் தேதி ஹார்வர்டு உள்ளிட்ட மூன்று ஸ்தாபனங்களின் தலைவர்களை அந்நாட்டுச் சட்டசபைக் கமிட்டியொன்று விசாரித்தது. ஒரு மாதத்துக்குள் இருவர் ராஜினாமாச் செய்தனர். 2025 ஏப்ரலில் ஹார்வர்டு தானே நியமித்த இரு குழுக்கள் அறிக்கை வெளியிட்டன. யூத மாணாக்கரும் அஞ்சினர், முஸ்லிம், பாலஸ்தீன மாணாக்கரும் அஞ்சினர் என்பது அவற்றின் சாரம். அதே மாதத்தில் சர்க்கார் ஹார்வர்டுக்குரிய 200 கோடி டாலருக்கு மேற்பட்ட மானியத்தை நிறுத்தியது. செப்டம்பரில் பாஸ்டன் நீதிமன்றம் அச்செயல் சட்டவிரோதமென்று தீர்ப்பளித்தது. நோய் மெய்யே; ஆயினும் நோயைக் காரணங்காட்டிக் கலாசாலையின் சுதந்திரத்தை நெரிப்பது வைத்தியமாகாது.

இது அயல்நாட்டுச் சங்கதி என்று நம்மவர் வாளாவிருக்கலாகாது. பிறப்பைக் கொண்டு மனிதனைப் பகைக்கும் பாவத்துக்கு நம் நாட்டில் ஜாதி என்று பெயர். டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணாக்கர் விடுதியிலும் ஒதுக்கப்பட்டதை 2007-ல் தோரட் கமிட்டி எடுத்துக் காட்டிற்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணாக்கனொருவனும் அவன் தங்கையும், அவனுடன் பயின்ற பிள்ளைகளாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன்பின் நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துரு 2024 ஜூனில் அறிக்கை அளித்தார். பள்ளிப் பெயர்களில் ஜாதி ஒழிய வேண்டும்; ஜாதியைக் காட்டும் வர்ணக் கயிறுகள் கூடா என்றெல்லாம் அதில் யோசனை கூறினார்.

அது தென் ஜில்லாக்களின் வியாதி என்று ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வாசிகள் எண்ணக்கூடும். நாம் அவ்வாறு எண்ணவில்லை. நாலா ஜில்லாக்களிலிருந்தும் பிழைப்பு நாடி இங்கே வந்தவர்கள் பலர். தொழிற்சாலையில் ஒரே யந்திரத்தருகே நிற்பவர்கள், வீட்டு வாடகை பேசும்போது குலம் விசாரிப்பதுண்டு. அதைக் கேட்டு வளரும் பிள்ளை கலாசாலை வாயிலில் அதைக் கழற்றி வைத்துவிட்டா உள்ளே நுழைவான்?

ஆகவே நமது வட்டாரத்துக் கலாசாலைகள் யாரும் வற்புறுத்துமுன் தம்மைத் தாமே பரிசோதித்துக் கொள்ள வேண்டும். அப்பரிசோதனையில் கடுமையான அரசியல் பேச்சைத் துவேஷமென்று கணக்கிடலாகாது. சர்க்காரைக் கண்டிப்பது மாணாக்கரின் உரிமை. சக மாணாக்கனின் பிறப்பை இகழ்வது உரிமையன்று. விடுதியில் யாருடன் யார் உண்கிறார்கள்? முறையிட்டவன் பழிவாங்கப்படாமல் படிப்பை முடித்தானா? ஆசிரியர் பெயர் கேட்ட பின் ஊரையும் தெருவையும் கேட்கிறாரா? இவற்றுக்கு விடை கண்டு, வருஷந்தோறும் பகிரங்கமாக வெளியிடுவதே நேர்மை.

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை சமதர்ம பாணிச் சமுதாயமே லட்சியமென்று தீர்மானித்தது. ஒரே பெஞ்சில் இரு பிள்ளைகள் அச்சமின்றி அமர இயலாத தேசத்தில் அத்தீர்மானம் வெறுங் காகிதமே. அதற்கு உயிர் கொடுக்க வேண்டிய கடமை ஆவடியைச் சூழ்ந்து வாழும் நமக்கே முதலில் உரியது.