நம்பரைச் சொன்னால் வருஷம் வந்துவிடுமா?

"நம்பரைச் சொல்லுங்க, எந்த வருஷம்னு நான் சொல்றேன்." பழைய அமெரிக்க ரிவால்வர்கள் பற்றிப் படிக்கப் போனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த வசனம்தான். இதில் பாதி உண்மை. மீதி சுத்த ஜல்லி!

நான் பி.காம். துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் ஸ்டாக் ரெஜிஸ்டர் தெரியும். சரக்கு தயாரான தேதி வேறு, கிடங்கை விட்டுப் போன தேதி வேறு. நம்பர் மேதாவிகள் சறுக்குவது இங்கேதான்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். 19-ம் நூற்றாண்டில் அவர்கள் மாடலுக்கு மாடல் தனி நம்பர் வரிசை போட்டார்கள். மாடலைச் சொல்லாமல் நம்பரை மட்டும் சொல்வது, தெருப் பெயரை விட்டுவிட்டு கதவு எண்ணை மட்டும் கொடுப்பது மாதிரி. அதோடு சரக்கை நம்பர் வரிசைப்படி அனுப்பவும் இல்லை. 'நியூ மாடல் நம்பர் 3' ரிவால்வரின் ஃபிரேம்கள் எல்லாம் 1899-க்கு முன்பே செய்யப்பட்டவை. விற்பனையோ 1900-க்குப் பிறகும் ஓடியது.

'அதனால என்ன இப்போ?' என்கிறீர்களா? அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898-லோ அதற்கு முன்போ தயாரானது 'ஆன்டிக்'. மத்திய சட்டத்தின் லைசென்ஸ் கெடுபிடி அதற்குக் கிடையாது. சட்டம் கேட்பது தயாரான வருஷத்தை. கம்பெனி ஆவணக் கடிதம் சொல்வதோ அனுப்பிய தேதியை. ஒரு வருஷம் பிசகினால் ஆள் மாட்டிக்கொள்வார்.

அடுத்து கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. 1873-ல் தொடங்கி இரண்டாம் உலகப்போர் சமயத்தில் நின்றது. நம்பர் 3,57,000-ஐத் தாண்டியிருந்தது. 1956-ல் மறுபடி ஆரம்பித்தபோது நம்பரோடு 'எஸ்ஏ' சேர்ந்தது. இந்தத் தலைமுறைப் பிரிவைக் கண்டுபிடிக்கப் பட்டியல் உதவும், மறுக்கவில்லை. ஆனால் நம்பர் ஃபிரேம், டிரிகர் கார்டு, கைப்பிடியின் பின்பட்டை என மூன்று இடங்களில் இருக்கும். 1890-களில் ராணுவம் 7.5 அங்குலக் குழல்களை 5.5 ஆக வெட்டி, பிரித்து மாட்டியபோது பாகங்கள் கலந்துபோயின. அந்தத் துப்பாக்கிகளில் நம்பர் ஒத்துப்போகாததே அசல் சரித்திரம்! மேதாவியோ 'டூப்ளிகேட்' என்று தள்ளிவிடுவார். மூன்று இடத்திலும் ஒரே நம்பரைப் புதிதாகக் குத்தி வைத்திருக்கும் மோசடிக்காரனிடம் மட்டும் பணத்தை எண்ணி வைப்பார்.

பட்டியலைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. அது முதல் படி, அவ்வளவுதான். மாடல், பாகங்கள், முத்திரைகள், ஆவணக் கடிதம் எல்லாம் சேர்ந்து ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆனாலே கணக்கு சரி என்று அர்த்தமில்லை. முதல் வருஷப் பாடம் மக்களே!