பழைய கணிப்பொறிக்குப் புதிய வன்தட்டு



குமராட்சியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் கணிப்பொறி இன்று அரிய பொருளன்று. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியபின், உழவையும் கூலியையும் நம்பி வாழும் இல்லங்களுக்குள்ளும் அப்பொறி நுழைந்துவிட்டது. அன்று பன்னிரண்டாம் வகுப்பில் பயின்ற பிள்ளைகள் இன்று சென்னையிலும் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் பணிபுரிகின்றனர். மடிக்கணினியோ ஊரிலேயே, அலமாரியின் மேல்தட்டில் உறையிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் சம்பாதித்துப் பின்னர் வாங்கி வைத்த மேசைக் கணிப்பொறிகளும் உண்டு. இவற்றைப் பற்றி நம்மிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “சாமி, திறக்கவே கால்மணி நேரம் ஆகிறது. இடமும் இல்லை என்று காட்டுகிறது. புது ஹார்ட் டிஸ்க் போட்டால் சரியாகிவிடுமா? இல்லை, எடைக்குப் போட்டுவிடட்டுமா?”

பெரும்பாலும் சரியாகும். ஆயினும் கடைக்குப் புறப்படுமுன் அறியவேண்டியவை சில உள.

ஹார்ட் டிஸ்க் எனக் கடைகளில் வழங்கும் வன்தட்டு, கணிப்பொறியின் பெட்டகம். மின்சாரம் நின்றாலும் நாம் எழுதியவையும் எடுத்த படங்களும் அழியாதிருப்பது அதனுள்ளேதான். 1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவி, இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகளைக் கொண்டது. எடை ஒரு டன்னுக்கு மேல். அத்தனை பெரிய கருவி தாங்கியது ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துகளை மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் இரண்டொரு படங்களுக்கு அவ்விடம் போதும். மூன்றாவது படத்திற்குப் போதாது! கருவி சுருங்கி உள்ளங்கைக்குள் அடங்கிவிட்ட போதிலும் அதன் இயல்பு மாறவில்லை. தட்டுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. அவற்றின்மேல், தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த இடைவெளியில், படிக்கும் முனை காற்றில் மிதந்து ஓடுகிறது. பழைய இசைத்தட்டின் ஊசி தட்டைத் தொட்டால்தான் பாட்டு வரும். இங்கோ தொட்டால் எல்லாம் கெடும்.

ஓடுகின்ற எதுவும் தேயும். பத்தாண்டு உழைத்த வன்தட்டு இன்னும் சுழல்கிறதெனில் அதற்கு நன்றி சொல்லலாமேயன்றி, அதனை நம்பியிருத்தல் ஆகாது.

எஸ்.எஸ்.டி. எனும் புதிய வகையில் சுழலும் தட்டே இல்லை. நினைவகச் சில்லுகளே எல்லாவற்றையும் தாங்குகின்றன. பழைய பொறி மெதுவாக இயங்குவதன் பெருங்காரணம், சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான துணுக்குகளைத் தேடி அம்முனை தட்டின்மேல் அங்குமிங்கும் அலைவதுதான். ஒவ்வோர் அலைச்சலுக்கும் ஒரு விநாடியில் நூற்றிலொரு பங்கு செல்லும். எஸ்.எஸ்.டி.யில் அலைச்சல் இல்லை. எனவே பழைய பொறிக்குச் செய்யத்தக்க செலவுகளுள் முதன்மையானது இதுவே என்பது நம் கருத்து. ராம் எனப்படும் நினைவகம் இரண்டு ஜிகாபைட் மட்டும் உள்ள பொறியாயின் அதனையும் உயர்த்தவேண்டும். இல்லையேல் பாதிப் பயனே கிட்டும். விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14உடன் பொதுவாக முடிந்துவிட்டதையும், பழைய பொறிகள் பெரும்பாலானவை விண்டோஸ் 11இன் தகுதிப் பட்டியலில் இல்லாமையையும் கடைக்காரர் சொல்லாவிடினும் நாம் நினைவிற் கொள்ளவேண்டும். கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் பிள்ளைகள் படிக்கவுமே பொறி தேவையெனில், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் போதுமானது.

வேகத்தைப் பற்றிய பேச்சு இத்துடன் நிற்க. நமக்குக் கவலை தருவது வேறொன்று. இடம் போதவில்லை என்று வருவோர் பலர். பிரதி இல்லையே என்று வருவோர் அரியர். அப்பொறிக்குள் இருப்பவை யாவை? மகளின் திருமணப் படங்கள், மறைந்துபோன தாயார் பேரக்குழந்தையைக் கொஞ்சிய குரல், நிலப் பத்திரத்தின் நகல், மதிப்பெண் சான்றிதழ், வெளிநாட்டில் மாண்ட தம்பி கடைசியாக அனுப்பிய படம். இவை பெரும்பாலும் உலகத்திலேயே அந்த ஓரிடத்தில் மட்டும் உள்ளன. புதிய தட்டை வாங்கி, பழையதிலிருந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டு, “இனிக் கவலையில்லை” என்று இருப்போர் செய்தது யாது? ஒரு பிரதி இருந்தது. இப்பொழுதும் ஒரு பிரதியே இருக்கிறது. இடம் மாறிற்று, எண்ணிக்கை மாறவில்லை. புதிய தட்டும் சில வேளை முதற் சில மாதங்களிலேயே பழுதுபடுவதுண்டு. எஸ்.எஸ்.டி.யோ பலவேளை முன்னறிவிப்பின்றியே ஓய்ந்துவிடும். பழைய வன்தட்டாவது ‘டக் டக்’ என்று ஓசையெழுப்பி நம்மை எச்சரிப்பது வழக்கம்.

இவ்வட்டாரத்தாருக்கு இதனை விளக்க வெளிநாட்டு உதாரணம் வேண்டா. சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் செல்லும் நம் சாலையை எண்ணிப் பாருங்கள். குமராட்சிக்கு அண்மையிலுள்ள திருநாரையூரில் பிறந்தவர் நம்பியாண்டார் நம்பி. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டிவைக்கப்பட்டிருந்ததையும், சோழ மன்னனும் அவரும் சென்று அவ்வறையைத் திறந்தபோது ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்ததையும், எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கியபின் எஞ்சியது சிறு பகுதியே என்பதையும் சைவப் பெருமக்கள் வழிவழியாகக் கூறுவர். சாலையின் மறுமுனையில், காட்டுமன்னார்கோயிலில் தோன்றியவர் வைணவப் பெரியாரான நாதமுனிகள். பத்துப் பாசுரங்களை யாரோ பாடக் கேட்டு, அவை ஆயிரத்துள் அடங்கியவை என்று அப்பாட்டே கூறுவதை உணர்ந்து, மீதியைத் தேடி அவர் குருகூர்வரை சென்றார் என்பது வைணவர் மரபு. தமிழின் இருபெரும் பாடற்செல்வங்களை மீட்டதாகப் போற்றப்படும் இருவரும் ஒரே சாலையைச் சேர்ந்தவர்கள்! இவ்வூர்க்காரர் இதனை அதிகம் பேசிக்கொள்வதில்லை என்பது நமக்கு வியப்பே.

அவ்வரலாற்றில் நாம் கவனிப்பது பூட்டை. ஏடுகள் பாதுகாப்பின்றிக் கிடக்கவில்லை, பத்திரமாகவே பூட்டப்பட்டிருந்தன. நெடுங்காலம் அறை திறக்கப்படாமையால், உள்ளே நடப்பதை எவரும் அறியவில்லை. உறையிட்டு அலமாரியில் ஏற்றப்பட்ட மடிக்கணினியின் நிலையும் அதுவே.

இனி வேலைக்கு வருவோம். எதனையும் கழற்றுமுன், யூ.எஸ்.பி. வழியாக இணைக்கும் வெளித்தட்டு ஒன்றில், அல்லது குறைந்தபட்சம் நல்ல பென் டிரைவ் ஒன்றில், அரியவை அனைத்தையும் பிரதியெடுங்கள். பெயர்கள் வந்துவிட்டன என்பதால் நிறைவடையாமல், பத்துப் படங்களையாவது பிரதியிலிருந்தே திறந்து பாருங்கள். மின்சாரம் வந்து வந்து போகும் நாளில் இவ்வேலை வேண்டா.

மடிக்கணினியில் பொதுவாக ஒரு தட்டுக்கே இடமுண்டு. எனவே அங்குச் சேர்ப்பதில்லை, மாற்றுவதே. மின்கம்பியை நீக்கி, பேட்டரியைக் கழற்றி, அடிப்புறத் திருகுகளை அவிழ்த்தால் இரண்டரை அங்குலத் தட்டு தெரியும். அதே அளவிலான சாட்டா வகை எஸ்.எஸ்.டி. அவ்விடத்தில் பொருந்தும். பழைய தட்டு பெரும்பாலும் ஒன்பதரை மில்லிமீட்டர் பருமன், புதியது ஏழு. தளர்வாக இருப்பின் சிறு பிளாஸ்டிக் சட்டம் ஒன்றை வைத்து இறுக்குவர்.

மேசைக் கணிப்பொறியில் இடத்திற்குக் குறைவில்லை. சுவரிலுள்ள பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். (நம் ஊரில் உள்ளே தூசியோடு எறும்புப் புற்றும் பல்லி முட்டையும் இருக்கக்கூடும்; மெல்லிய தூரிகையால் அகற்றுக.) உடலில் தேங்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்குமாதலின், முதலில் பெட்டியின் வெற்று இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். புதிய தட்டைக் காலியான தட்டுச் சட்டத்தில் திருகி, மெல்லிய சாட்டா கேபிளின் ஒரு முனையை அதிலும் மறுமுனையை மதர்போர்டிலும் செருகுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து வரும் மின்முனையையும் இணைத்தால் கைவேலை முடிந்தது. பொறி பழையது, தட்டு புதியது, சேருமோ என்ற ஐயம் வேண்டா. சாட்டாவின் பழைய துளையில் புதிய தட்டு சற்றுக் குறைந்த வேகத்தில் இயங்கும், அவ்வளவே. ஆயின் உள்ளே கையகலமான தட்டைக் கேபிள் மட்டும் தென்பட்டால் அது சாட்டாவுக்கு முந்திய ஐ.டி.இ. காலத்துப் பொறி. அதற்குப் பணம் செலவிட வேண்டா. உள்ளிருப்பதைப் பிரதியெடுத்துக்கொண்டு அதற்கு ஓய்வளிப்பதே முறை.

பொறியை இயக்கியவுடன் பலர் திகைப்பர். புதிய தட்டு எங்கும் தெரியாது. அது பழுதன்று, கோடு போடாத வெற்றுத்தாளைப் போல் அது வந்திருக்கிறது. விண்டோசில் டிஸ்க் மேனேஜ்மெண்ட் எனும் பகுதிக்குச் சென்று அதனைத் தொடங்கிவைத்து, பார்மட் செய்யவேண்டும். பெரிய கேடுகள் நிகழ்வது இங்குதான். திரையில் தட்டு 0, தட்டு 1 என இரண்டு வரிசைகள் தோன்றும். அவசரத்தில் பழையதைப் பார்மட் செய்தவர் உண்டு. எண்ணை நம்பாமல் கொள்ளளவைப் பார்த்துத் தெளியுங்கள். இரண்டும் ஒரே அளவாயின், பழையதன் கேபிளைக் கழற்றிவிட்டு இவ்வேலையைச் செய்யுங்கள். பழைய தட்டை அப்படியே புதியதற்குப் பெயர்த்தெழுதும் மென்பொருளைப் பயன்படுத்துவோரும், எதிலிருந்து எதற்கு என்பதை இருமுறை படித்த பின்னரே பொத்தானை அழுத்துக. திசை மாறினால் வெற்றுத்தாள் எழுதிய ஏட்டின்மேல் படிந்துவிடும்.

இன்னொன்று. ஒரு டெராபைட் என வாங்கியது திரையில் 931 எனக் காட்டும். 500 வாங்கியது 465 எனக் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாகச் சண்டைக்குப் போக வேண்டா. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024, 1024ஆக எண்ணுகிறது. பழைய படிக்கும் மரக்காலுக்கும் ஊருக்கு ஊர் இருந்த வேறுபாடு போன்றதே இது.

இப்பொழுது பெட்டிக்குள் இரண்டு தட்டுகள் உள்ளன. புதியதில் விண்டோசும், பழையதில் படங்களும் இருக்கட்டும் எனப் பலர் விட்டுவிடுவர். அல்லது இரண்டிலும் படங்களை வைத்து, “இரண்டு பிரதி ஆயிற்றே” என்பர். ஒரே பெட்டிக்குள், ஒரே மின்கம்பியில் இருக்கும் இரண்டும் பிரதிகளாகா. ஒரே இடி, ஒரே திருட்டு, ஒரே வெள்ளம் இரண்டையும் கொண்டுபோகும்.

வெள்ளம் என்று நாம் அச்சுறுத்துவதற்காகக் கூறவில்லை. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், மேற்கே வீராணம் ஏரி, நடுவே நாம். 2015ஆம் ஆண்டின் இறுதி மழையில் கடலூர் மாவட்டம் பட்டது மறக்கக்கூடியதன்று. 2018 ஆகஸ்டில் கொள்ளிடக் கரை மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியேற நேர்ந்தது. அத்தகைய இரவில் குழந்தையையும் ஆட்டுக்குட்டியையும் தூக்குவோரேயன்றிக் கணிப்பொறிப் பெட்டியைத் தூக்குவோர் யார்? நீரின் வலிமையை வன்தட்டுத் தொழிலே ஒருமுறை கண்டது. 2011ஆம் ஆண்டு அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் பெருந்தொழிற்சாலை மூழ்கிற்று. உலகெங்கும் வன்தட்டுகளின் விலை ஏறிற்று. செய்பவன் வீட்டுக்குள்ளேயே புகுந்த நீர் நம் வாசற்படியைக் கண்டு நிற்குமா?

ஆகவே மூன்றாவது பிரதி வேறூரில் இருக்கவேண்டும். மடிக்கணினியிலிருந்து கழற்றிய பழைய தட்டு இதற்கு உதவும். யூ.எஸ்.பி. உறை எனச் சிறு கூடு கடைகளில் கிடைக்கிறது. அதனுள் பழைய தட்டைப் பொருத்தினால் அதுவே வெளித்தட்டாகிவிடும். வயதான தட்டாகையால் அதனை மட்டும் நம்பாமல், வெளித்தட்டோடு மூன்றாவதாக மட்டும் கொள்க. இணைய வசதி நன்றாக உள்ளோர் கூகுள் டிரைவ் போன்றவற்றிலும் வைக்கலாம். ஆயின் கடவுச்சொல்லை வீட்டில் இருவராவது அறிந்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யைப் பல ஆண்டுகள் மின்சாரமே காட்டாமல் பெட்டியில் வைப்பது நன்றன்று. அதிலுள்ள எழுத்துகள் மெல்ல மங்கக்கூடும்.

வேறூருக்கு அனுப்பும் தட்டை ஈரம் புகாத பையிலிட்டு, அதனுள் இருப்பவை எவை, எந்தத் தேதி வரை எடுக்கப்பட்டவை என்பதை ஒரு தாளில் மையால் எழுதி உடன் வையுங்கள். விருத்தாசலத்திலோ திருச்சியிலோ உள்ள மூத்த மகள் வீட்டில் அது இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை, புரட்டாசியில், ஐப்பசி அடைமழை தொடங்குமுன், அவள் ஊருக்கு வரும்போது அதனைக் கொண்டுவரச் சொல்லி, திறந்து பார்த்து, அவ்வாண்டின் படங்களையும் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள்.

உண்மையிலேயே உழைப்பு முடிந்து எடைக்குப் போகும் தட்டு ஏதேனும் இருப்பின், அதனை முழுதாகக் கொடுக்காதீர். அழித்துவிட்டோம், பார்மட் செய்துவிட்டோம் என எண்ணியவற்றையும் மீட்டெடுக்க வல்லோர் உளர். பத்திரத்தின் நகலும் வங்கிக் கணக்கும் பெண்பிள்ளைகளின் படங்களும் யார் கைக்கோ போகவேண்டா. திருகுகளைக் கழற்றி, உள்ளிருக்கும் தட்டைத் தரையில் கிடத்தி, ஒரு துணியைப் போர்த்திச் சுத்தியால் அடித்துவிட்டுக் கொடுங்கள். சில தட்டுகள் கண்ணாடியாலானவை. துணியின்றி அடித்தால் சில்லு கண்ணில் தெறிக்கும்.