லேபிளுக்கு என்ன விலை?



காதில் வயர் மாட்டிக்கொண்டு, ஐபாடில் பாட்டுக் கேட்டபடி நடக்கிறார் காந்தி. உடம்பு முழுக்க ரத்தச் சிவப்பு. புதுக் கார் மாதிரிப் பளபளப்பு! கொல்கத்தா சிற்பி தேபாஞ்சன் ராய் ஃபைபர் கிளாஸில் செய்த உருவம் இது. அந்த வரிசைக்கே 'இந்தியா ஷைனிங்' என்று பெயர். 2004 தேர்தலில் நாடெங்கும் முழங்கிய அதே விளம்பர வாசகம்தான். படத்தைப் பார்த்ததும் என் அறை நண்பன், "காந்தியக் கேலி பண்ணிட்டாம்ல!" என்று கொதித்தான். கேலி காந்தியை அல்ல, நம்மை என்பது என் கட்சி.

காந்தியை உண்மையாகவே சரக்காக்கியவர்கள் வேறு. 2009-இல் மோன்பிளாங்க் கம்பெனி அவர் பெயரில் பேனா விட்டது. தண்டி யாத்திரை 241 மைல், அதனால் 241 பேனா. ஒன்று பதினோரு லட்சத்துக்கும் மேல்! ராட்டை நூலை நினைவூட்டத் தங்கக் கம்பி வேறு. சென்னையில் நடேசன் வீட்டுச் சிறுவன் கொடுத்த துண்டுப் பென்சில் காணாமல் போனதற்கு ஊரைக் கூட்டித் தேடிய மனுஷனுக்கு இந்த மரியாதை. கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்து, 2010-இல் விற்பனையை நிறுத்தினார்கள்.

அதே கம்பெனியின் வழக்கமான கறுப்புப் பேனா உடம்பு ரெசின். அதற்கு அவர்கள் கொடுத்த பட்டம் 'விலைமதிப்புள்ள ரெசின்'!

ரெசினில் என்ன அபூர்வம்? பட்டறையில் பார்த்திருப்பீர்கள். பாலியெஸ்டர் ரெசினில் கோபால்ட் கலந்து, பிறகு கேட்டலிஸ்ட் ஊற்றினால் தானே சூடேறி இறுகிவிடும். (இரண்டையும் நேரடியாகச் சேர்த்துவிடாதீர்கள், வெடிக்கும்.) இறுகியதைத் திரும்ப உருக்க முடியாது. ஆனால் அச்சு இருந்தால் 241 என்ன, அது தேயும்வரை எடுக்கலாம். போதும் என்று நிறுத்திக்கொள்வதற்குப் பெயர்தான் 'லிமிடெட் எடிஷன்'.

நம்ம ஐந்தருவிக்கு வாங்க. சீசன் கடைகளில் தொப்பி, கூலிங் கிளாஸ், டி-ஷர்ட் எல்லாவற்றிலும் சீமை முத்திரை. ஸ்பெல்லிங்கில் ஓர் எழுத்து கூடவோ குறையவோ இருக்கும், அவ்வளவுதான். "அண்ணாச்சி, டூப்ளிகேட்தானே?" என்று கேட்டேன். "வெறுந்தொப்பின்னா எவன் தம்பி வாங்குதான்? சாரல்ல நனையத்தான போற, போட்டுட்டுப் போ" என்றார். அவர் செய்வது சரியில்லைதான். ஆனாலும் லேபிளுக்குத்தான் காசு என்பதை ஒளிக்காமல் சொன்ன ஒரே வியாபாரி அவர்தான்! எங்க செட்டில் ஒருவன் மூன்று மாத மெஸ் பில்லை நிறுத்தி ஷூ வாங்கினான். அவனிடம் இப்படி யாரும் சொல்லவில்லை.

அதற்காகச் சிற்பியைத் தூக்கிவைத்து ஆடவும் நான் தயாரில்லை. சிவப்புக் காந்தியும் கடைசியில் காட்சிக்கூடத்தில் விலை பேசப்படும் பொருள்தான். அதில் சிற்பியின் பெயர் இருக்கும். இப்படிப்பட்ட பட்டறைகளில் மாஸ்க் இல்லாமல் ஸ்டைரீன் ஆவியை இழுத்து, கைநமைச்சலோடு மேட் ஒட்டும் ஆளின் பெயர் எந்தச் சிலையில் இருக்கிறது?

அடுத்த கண்காட்சிக்கு நம் சங்கம் ஒன்று செய்யலாம். ஒரே அச்சில் இரண்டு பேனா ஸ்டாண்ட் வார்ப்போம். ஒன்றில் மட்டும் லேபிள். பக்கத்திலேயே ரெசின், மேட், கேட்டலிஸ்ட், கூலி என்று அசல் கணக்கை எழுதித் தொங்கவிடுவோம். எது முதலில் விற்கிறது என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.