சான்றிதழ் குவிப்பது தயாரிப்பு ஆகாது

எம்பிஏ விண்ணப்பத்துக்கு முந்தைய ஆண்டில் தன்னார்வச் சான்றிதழ்களையும் இணையப் படிப்புகளையும் குவிக்கச் சொல்கிறார்கள். போட்டி கடுமை, எல்லோரும் அதையே செய்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். எல்லோரிடமும் இருக்கும் ஒன்று யாரைத் தனித்துக் காட்டும்?

ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் கேட்கின்றன. பல அமெரிக்கக் கல்லூரிகள் ஏற்கும் பொதுப் பரிந்துரைப் படிவம் மேலாளரிடம் ஒரு கேள்வி வைக்கிறது: இவருக்கு நீங்கள் சொன்ன மிக முக்கியமான திருத்தம் எது, அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார்? எந்தச் சான்றிதழும் இதற்குப் பதில் சொல்லாது. அலுவலகத்தில் பொறுப்பைக் கேட்டு வாங்கி, தவறித் திருந்தியவருக்கே மேலாளரால் மனமாரப் பதில் எழுத முடியும். அதற்கு மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும்.

எம்பிஏ நுழைவுத் தேர்வான ஜிமேட்டின் மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும். ஆகவே தேர்வை முன்கூட்டியே முடித்துவிடலாம். கல்லூரியில் கணிதமே படிக்காதவர் புள்ளியியல் வகுப்பில் சேர்வதும் நியாயம்தான். ஆனால் ஹார்வர்டின் முதல் சுற்று விண்ணப்பக் கெடு செப்டம்பர் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. கையிலிருக்கும் மாதங்களைச் செய்யும் வேலைக்கே கொடுங்கள். இடம் கிடைக்காவிட்டாலும் வேலையில் வளர்த்த திறமை உங்களுடையது.