மழையும் மூட்டையும்

சென்ற ஐப்பசியில் ஓசூரிலிருந்து தளி மார்க்கமாக ஜவளகிரிக்கு மோட்டார் சைக்கிளில் சென்றோம். காட்டோரத்தில் நல்ல மழை பிடித்துக் கொண்டது. பைக்குத்தான் மழை உறை போட்டிருக்கிறோமே என்ற கர்வம், நிற்கவில்லை. வீட்டில் போய்ப் பிரித்தால், உறவுக்காரப் பெண்ணுக்காகக் கலாசாலையில் வாங்கி வந்த ஸர்டிபிகேட்டுகள் ஊறிக் கிடந்தன! உறையின் அடியில் தேங்கிய நீர் தையல் துவாரங்கள் வழியே உள்ளே புகுந்து விட்டது. 1823-ல் மாக்கின்டாஷ் என்பவர் இரு துணிகளுக்கு நடுவே ரப்பரை வைத்துப் பேடண்டு பெற்ற மழைத்துணியும், தையற்காரர் ஊசி பட்ட இடத்தில் ஒழுகத்தான் செய்தது. ஆகையால் உறையை மட்டும் நம்ப வேண்டாம். தையலில்லாத கனத்த பிளாஸ்டிக் பையில் சாமான்களை இட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை மூன்று சுற்றுச் சுருட்டிக் கட்டி, அதைப் பைக்குள் வையுங்கள். உறையின் அடியில் சிறு துவாரமும் வேண்டும். தேங்கிய நீர் வடிந்து விடும். மறுநாள் காலை அந்தப் பெண்ணுக்கு ஓசூர்த் தொழிற்சாலையில் பேட்டி. அவள் தாயார் இரவெல்லாம் விழித்திருந்து ஒவ்வொரு காகிதமாய் விசிறி உலர்த்தினார். எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை.